டெக்சஸ்: பையனை மாற்றுப் பள்ளிக்கு அனுப்புகிறார்களாம், கையெழுத்துப் போடலாமா?

கீதா_டல்லாஸ்:

வணக்கம். டல்லாஸ் பக்கம் ஒரு புறநகரில் இருக்கிறோம். கணவர் ஹெச்-1பி வேலை விசா, நானும் பையனும் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். பையனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு, சேலத்திலிருந்து போன வருடம்தான் இங்கே சேர்ந்தான்.

கூடப் படிக்கும் ஒருவன் மாதக்கணக்காக இவனுடைய பெயரையும் ஆங்கில உச்சரிப்பையும் டிபன் பாக்ஸையும் வைத்துக் கேலி செய்துகொண்டே இருந்திருக்கிறான். இவன் கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்பே கவுன்சிலரிடம் சொல்லியிருக்கிறான், நானும் அவருக்கு ஒரு ஈமெயில் அனுப்பினேன், 'கவனிக்கிறோம்' என்று பதில் வந்ததோடு சரி. இந்தச் செவ்வாய்க்கிழமை கேஃப்டீரியாவில் அவன் இவனுடைய பையைப் பிடித்து இழுத்துச் சுவரில் தள்ள, இவன் திருப்பித் தள்ள, அவன் மேஜையில் மோதி உதடு கிழிந்துவிட்டது. அசிஸ்டென்ட் பிரின்சிபல் இவனைத் தனியாக உட்காரவைத்து நடந்ததை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார், இவன் பயத்தில் 'நான் தள்ளினேன், மன்னிக்கவும்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறான். எனக்குச் சாயங்காலம்தான் போன் வந்தது.

இப்போது வந்திருக்கும் கடிதத்தில் 'அசால்ட்' (தாக்குதல்) என்று போட்டு, 45 நாள் டி.ஏ.இ.பி., அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான மாற்றுப் பள்ளி என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை கான்ஃபரன்ஸ், அன்றே கையெழுத்துப் போட வேண்டுமாம். கணவர் விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை போயிருக்கிறார். இதனால் எங்கள் விசாவுக்கு ஏதாவது வருமா, காலேஜ் அட்மிஷன் என்ன ஆகும், எதிர்த்துப் பேசினால் பள்ளியில் பகைத்துக்கொண்டது போல் ஆகுமா, ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பழைய_பெருமாள்:

அம்மா, நான் 1998லிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். விசாவில் இருக்கும்போது வக்கீல், கோர்ட் என்று போகாதீர்கள். மன்னிப்புக் கேட்டு, கையெழுத்துப் போட்டு, 45 நாளை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். பையனுக்கும் அடி வாங்கினால் டீச்சரிடம் போய்ச் சொல் என்று கற்றுக்கொடுங்கள். எதிர்த்து நின்றால் நம் பெயர்தான் கெடும்.

சட்டப்பூனை:

பெருமாள் ஐயா, பையன் கவுன்சிலரிடம் போய்ச் சொன்னான் என்றுதானே அவர் எழுதியிருக்கிறார். அதுவும் லீவுக்கு முன்பே, ஈமெயிலோடு. இந்த வழக்கே அந்த ஈமெயிலில்தான் இருக்கிறது.

கீதா, நான் வழக்கறிஞர் இல்லை, டெக்சஸில் ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் பாராலீகல், பள்ளி ஒழுங்கு நடவடிக்கைகள்தான் என் மேஜைக்கு வருகிற வேலை. உங்கள் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது 45 நாளை இல்லை, 'அசால்ட்' என்ற சொல்லை. டெக்சஸ் கல்விச் சட்டம் 37ஆம் அத்தியாயப்படி, இன்னொருவருக்கு உடல் காயம் ஏற்படுத்தும் அசால்ட் என்றால் டி.ஏ.இ.பி. கட்டாயம். இரண்டு பையன்கள் கைகலந்த சண்டை என்றால் கட்டாயம் இல்லை, அது பள்ளியின் விருப்பம். இந்த மாநிலத் தண்டனைச் சட்டத்தில் 'உடல் காயம்' என்பதற்கு வலி ஏற்பட்டாலே போதும், அதனால் தள்ளுமுள்ளு எல்லாமே காகிதத்தில் அசால்ட் ஆகிவிட முடியும். எந்தச் சொல்லைப் போடுவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்த அறையில் இருக்கும் ஒரே ஒரு அசிஸ்டென்ட் பிரின்சிபல்.

ஆனால் அதே அத்தியாயம் இன்னொன்றும் சொல்கிறது: நடவடிக்கை கட்டாயமானதோ விருப்பமானதோ, முடிவெடுக்கும் முன் தற்காப்பு, உள்நோக்கம் இருந்ததா இல்லையா, முந்தைய நடத்தை, உடல் அல்லது மனக் குறைபாடு இவற்றைப் பரிசீலித்தே ஆக வேண்டும். பிரிவு 37.001. உங்கள் கடிதத்தில் இவற்றைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கான்ஃபரன்ஸில் உங்கள் முதல் கேள்வி அதுதான்.

அப்புறம் பிரிவு 37.0832, புல்லியிங் (தொடர்ந்து கேலி செய்து துன்புறுத்துவது) பற்றியது, 2017ல் டேவிட்ஸ் லா என்ற பெயரில் இன்னும் இறுக்கினார்கள். விசாரணையில் ஒரு மாணவன் புல்லியிங்குக்கு ஆளானவன் என்று தெரிந்தால், அவன் நியாயமான அளவில் தற்காத்துக்கொண்டதற்காக அவனைத் தண்டிக்கக் கூடாது என்று பள்ளி மாவட்டத்தின் (இந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கொள்கையிலேயே இருக்க வேண்டும். புகார் வந்தால் பாதிக்கப்பட்டவரின் பெற்றோருக்கு மூன்று வேலை நாளுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். டிசம்பரில் நீங்கள் எழுதியதற்கு அப்படி ஏதாவது வந்ததா? 'கவனிக்கிறோம்' என்பது விசாரணை ஆகாது. அதனால் இன்றைக்கே ஒரு ஈமெயில் போடுங்கள், பிரின்சிபலுக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும்: டிசம்பர் புகார் புல்லியிங் புகார்தான், அதன் விசாரணை அறிக்கை வேண்டும், அது முடியும்வரை இந்த நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள் என்று. கேஃப்டீரியா வீடியோவை அழிக்காமல் வைக்கச் சொல்லி, நீங்கள் பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். கேமரா பதிவுகள் தானாக மேலெழுதப்பட்டுவிடும், இதைத் தள்ளிப்போட வேண்டாம். பையனின் பதிவுகளைப் பார்க்கும் உரிமை 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் தந்தது. ஆனால் பள்ளிக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு, அதனால் 'வெள்ளிக்கிழமைக்கு முன்' என்று எழுதுங்கள்.

கையெழுத்து விஷயம். கடிதம் கிடைத்தது என்பதற்குக் கையெழுத்து வேறு, முடிவை ஒப்புக்கொள்கிறேன் என்பதற்குக் கையெழுத்து வேறு. 'பெற்றுக்கொண்டேன், சம்மதமில்லை' என்று கையால் எழுதி அதன் கீழே போடுங்கள். மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி சில படிவங்களில் ஒளிந்திருக்கும், அதை அடித்துவிடுங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு ரொம்பக் குறைவாக இருக்கும், மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு.

இன்டர்நெட்டில் தேடினால் எல்லோரும் கோஸ் எதிர் லோபஸ் தீர்ப்பைக் காட்டுவார்கள். ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் விசாரணையே இல்லாமல் பத்து நாள் சஸ்பெண்ட் செய்யப்பட்ட மாணவர்களின் வழக்கு, 1975, ஐந்துக்கு நான்கு. பத்து நாளோ அதற்குக் குறைவோ வெளியே அனுப்பினாலும், குற்றச்சாட்டு என்ன, சாட்சி என்ன என்று சொல்லி, மாணவன் தன் பக்கத்தைச் சொல்ல இடம் தர வேண்டும் என்பது தீர்ப்பு. அருமையான தீர்ப்புதான். ஆனால் டெக்சஸ் வரும் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், சான் மார்கோஸ் மாவட்ட வழக்கில் 1997ல், மாற்றுப் பள்ளிக்கு மாற்றுவது கல்வியைப் பறிப்பது ஆகாது, அதுவும் பள்ளிதான் என்று சொல்லிவிட்டது. அதனால் கோஸை நம்பி வாதாடினால் பள்ளி வக்கீல் உள்ளுக்குள் சிரிப்பார். உங்களுக்கு உதவுவது மாநிலச் சட்டம்தான். வகுப்பிலிருந்து நீக்கிய மூன்றாவது வகுப்பு நாளுக்குள் கான்ஃபரன்ஸ் வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும், அதில் காரணத்தைச் சொல்ல வேண்டும், உங்கள் பதிலைக் கேட்க வேண்டும்.

'நம் பெயர் கெடும்' என்று ஐயா சொன்னாரே, அதற்கும் ஒன்று. 2011ல் டெக்சஸில் கிட்டத்தட்ட பத்து லட்சம் மாணவர்களைத் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு வந்தது. ஏழாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நடுவே ஒருமுறையாவது சஸ்பென்ஷனோ வெளியேற்றமோ பார்த்தவர்கள் ஏறக்குறைய 60 சதவீதம். அந்த நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயமாக்கியது 3 சதவீதம்தான், மிச்சமெல்லாம் பள்ளி நினைத்தால் வேறு மாதிரி முடித்திருக்கக்கூடியவை. இது மோசமான குடும்பத்துப் பிள்ளைக்கு வருகிற வியாதி இல்லை.

கீதா_டல்லாஸ்:

ரொம்ப நன்றி. கடிதத்தைத் திரும்பப் படித்தேன், தற்காப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீடியோ கேட்டு ஈமெயில் அனுப்பிவிட்டேன். இன்னொன்று, இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கவனம் சிதறும், சட்டென்று கோபம் வரும், சேலத்தில் ஒரு டாக்டர் ஏ.டி.ஹெச்.டி. இருக்கலாம் என்றார், நாங்கள் அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, முத்திரை குத்திவிடுவார்களோ என்று. இப்போது சொன்னால் சாக்குச் சொல்வது போல் இருக்குமா? விசா பற்றி யாராவது சொல்லுங்கள், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

கேட்டி_ரமேஷ்:

விசா பகுதியை நான் சொல்கிறேன், இது எங்கள் வீட்டிலேயே அலசி ஆராய்ந்த விஷயம், இமிக்ரேஷன் வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்டதும்கூட.

பள்ளி சஸ்பென்ஷனோ மாற்றுப் பள்ளியோ கைது இல்லை, குற்றத் தீர்ப்பும் இல்லை. விசா விண்ணப்பமான டி.எஸ்-160 படிவம் கேட்பது கைது செய்யப்பட்டீர்களா, தண்டிக்கப்பட்டீர்களா என்று. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. ஆகவே இதுவரை நடந்தது இதோடு நின்றால் விசாவுக்கு ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது போலீஸ் உள்ளே வரும்போது. டெக்சஸின் யுவால்டி பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2023ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு வளாகத்திலும் ஆயுதம் ஏந்திய ஒருவராவது இருக்க வேண்டும், விலக்கு கேட்டு வாங்கிய பள்ளிகள் தவிர. அதனால் பிரின்சிபல் அறையில் பேச்சு நடக்கும்போதே ஓர் அதிகாரி மூலையில் நிற்பது சகஜம். பையனிடம் சொல்லி வையுங்கள்: யூனிஃபார்மில் ஒருவர் கேள்வி கேட்டால் மரியாதையாக 'அம்மா வரட்டும், வக்கீல் வேண்டும்' என்று சொல்லிவிட்டு எதையும் எழுதித் தராமல் இருக்க வேண்டும். அவனுக்கு 15 என்பது ஒரு விதத்தில் நல்லது. ஏனென்றால் டெக்சஸில் 17 வயது ஆகிவிட்டால் குற்றவியல் சட்டத்துக்கு அவன் பெரிய ஆள். 17க்குக் கீழே என்றால் சிறார் நீதிமன்றம், சிறார் தீர்ப்பு இமிக்ரேஷன் சட்டத்தில் குற்றத் தண்டனையாக எண்ணப்படுவதில்லை, அதை 2000லேயே இமிக்ரேஷன் மேல்முறையீட்டு வாரியம் சொல்லிவிட்டது. 17 வயதுப் பிள்ளை பையில் டிஹெச்சி (கஞ்சாவின் போதைப்பொருள்) வேப் பேனாவோடு பிடிபட்டால் கதையே வேறு, அது இங்கே ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். உள்ளூர் வக்கீல் 'டிஃபர்டு அஜூடிகேஷன் (தீர்ப்பைத் தள்ளிவைப்பது) வாங்கித் தருகிறேன், ரெக்கார்டில் வராது' என்பார், ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு வாங்கும் அந்த ஏற்பாடு இமிக்ரேஷன் கணக்கில் தண்டனைதான். பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கிரிமினல் வக்கீல் நாடுகடத்தல் விளைவைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று 2010ல் படில்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இருந்தாலும் நீங்களாகக் கேளுங்கள்.

காலேஜ்: பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவம் 2021-22லிருந்து மாணவரிடம் பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டது. சில கல்லூரிகள் தனியாகக் கேட்கலாம், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஊரில் பயம் வந்தால் பள்ளிக்கூடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு 2015ல் இர்விங்கில் நடந்ததே போதும். சூடான் வம்சாவளிப் பையன் ஒருவன், 14 வயது, வீட்டில் செய்த கடிகாரத்தை டீச்சரிடம் காட்ட எடுத்துப்போனதற்குக் கைவிலங்கும் மூன்று நாள் சஸ்பென்ஷனும். உலகமே பேசியது, பையனுக்கு வெள்ளை மாளிகை அழைப்பு வந்தது, ஆனால் குடும்பம் போட்ட வழக்கு தள்ளுபடி ஆனது. அதனால் வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்காமல் கான்ஃபரன்ஸிலேயே முடிக்கப் பாருங்கள்.

சட்டப்பூனை:

ஏ.டி.ஹெச்.டி. பற்றி: சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். 'என் மகனைச் சிறப்புக் கல்விக்கும் 504க்கும் முழுமையாக மதிப்பீடு செய்யக் கோருகிறேன்' (504 என்பது குறைபாடுள்ள மாணவர்களுக்கு வகுப்பில் வசதி செய்து தரும் சட்டப் பிரிவு) என்று எழுதினால் பள்ளி 15 பள்ளி நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏற்கெனவே சிறப்புக் கல்வியில் இருக்கும் மாணவனை பத்து நாளுக்கு மேல் இடம் மாற்ற வேண்டுமானால், அந்த நடத்தை அவனுடைய குறைபாட்டின் வெளிப்பாடா என்று கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும், ஆம் என்றால் பெரும்பாலும் அனுப்ப முடியாது. இன்னும் மதிப்பீடு ஆகாத பிள்ளைக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் சம்பவத்துக்கு முன்பே பள்ளிக்குத் தெரிந்திருந்தால்தான். உங்கள் டிசம்பர் ஈமெயிலில் கோபம், கவனம் பற்றி ஏதாவது எழுதியிருந்தீர்களா? இல்லையென்றால் இந்தச் சம்பவத்துக்கு அது உதவாது, ஆனாலும் இப்போதே கேளுங்கள், இனி வருவதற்கு ஆகும்.

பள்ளியில் 'முதலில் ஆங்கிலம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளுவார்கள், அதை ஏற்காதீர்கள். சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2004லிருந்து ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கழித்துக்கட்டிய மாநிலம் இது. 2016ல் ஹூஸ்டன் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தி, 2017ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

இந்தப் பகுதிக்கு, குறைபாடுள்ளவர்களின் உரிமைகளுக்கான டிசெபிலிட்டி ரைட்ஸ் டெக்சஸ் அமைப்பு நல்ல இடம், இலவசம். வருமான வரம்புக்குள் வருபவர்கள் லீகல் எய்ட் ஆஃப் நார்த்வெஸ்ட் டெக்சஸில் கேட்டுப் பார்க்கலாம். கான்ஃபரன்ஸுக்கு வக்கீலை அழைத்துப் போகலாம், ஆனால் அவர்களும் தங்கள் வக்கீலை வரவழைப்பார்கள், அன்றைக்கு நடக்காமல் தள்ளிப்போகும். முதல் கூட்டத்துக்கு நன்றாகக் குறிப்பெடுக்கும் ஒரு தோழியைக் கூட்டிப் போவதே மேல் என்பது என் அனுபவம். டெக்சஸில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தாலே ஒலிப்பதிவு செய்யலாம், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். மேஜையில் போனை வைத்து 'பதிவு செய்கிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், பேச்சின் தொனியே மாறும்.

வடமராட்சி_சிவா:

இடையில் வந்து கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். நான் ஹூஸ்டன் பக்கம். தங்கச்சி குடும்பம் எல்லைக்கால் வந்து அசைலம் (அடைக்கலம்) கேட்டிருக்கினம், வழக்கு நடக்குது, எங்கள் வீட்டில்தான் இருக்கினம். மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் அலுவலகத்தில் இருந்த பெண்மணி சோஷியல் செக்யூரிட்டி கார்டு, விசா, தங்கச்சி பெயரில் வீட்டு லீஸ் மூன்றும் கேட்டு, இல்லையென்றதும் 'எல்லாம் கிடைத்ததும் வாருங்கள்' என்று அனுப்பிவிட்டா. தங்கச்சி இனி அந்தப் பக்கமே போகமாட்டன் என்கிறாள், பெயர் கொடுத்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று. பிள்ளை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்குது. என்ன செய்யலாம்?

சட்டப்பூனை:

சிவா அண்ணா, நாளைக்கே திரும்பப் போங்கள். அந்த மூன்றில் ஒன்றுகூடச் சேர்க்கைக்குத் தடை ஆகாது.

இந்த உரிமை பிறந்ததே டெக்சஸில்தான். 1975ல் இந்த மாநிலம், ஆவணமில்லாத பிள்ளைகளின் படிப்புக்கு அரசுப் பணம் கிடையாது, பள்ளிகள் அவர்களைச் சேர்க்காமலும் விடலாம் என்று சட்டம் போட்டது. கிழக்கு டெக்சஸில் டைலர் என்ற ஊர், ரோஜாவுக்குப் பெயர் போனது. அங்கே பள்ளி மாவட்டம் 1977ல் ஒரு பிள்ளைக்கு வருடம் ஆயிரம் டாலர் கேட்டது, ரோஜாத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்கள் எங்கே போவார்கள்? நான்கு குடும்பங்கள் வழக்குப் போட்டன, மெக்சிகோ வம்சாவளியினரின் உரிமைகளுக்காக வாதாடும் மால்டெஃப் அமைப்பின் வக்கீல் பீட்டர் ரூஸ் நடத்தினார். கோர்ட்டுக்கு வந்த பெற்றோர், அங்கேயே பிடித்து நாடுகடத்திவிடுவார்கள் என்று நினைத்துச் சாமான்களைக் காரில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார்களாம். நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் விசாரணையை ஆள் நடமாட்டத்துக்கு முன்பே விடியற்காலையில் வைத்தார். 1982 ஜூன் 15ல் உச்ச நீதிமன்றம், பிளைலர் எதிர் டோ, ஐந்துக்கு நான்கு, நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பு: பெற்றோர் எப்படி வந்தார்கள் என்பதற்காகப் பிள்ளைக்கு இலவசப் பள்ளியை மறுக்க முடியாது. வழக்கில் பெயர் வருகிற பிளைலர் அந்த மாவட்டத்தின் சூப்பரின்டென்டென்ட், தோற்றதே நல்லது என்று பின்னாளில் அவரே சொன்னார். 2025ல் டென்னசி செனட் இதற்கு எதிராக ஒரு மசோதாவை நிறைவேற்றிப் பார்த்தது, கீழவையில் அந்த வருடம் நின்றுபோனது. உங்கள் மருமகள் விஷயத்தில் பிளைலர்தான் சட்டம்.

நடைமுறைக்கு வருவோம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பிள்ளைக்கு எஸ் என்று தொடங்கும் மாற்று எண்ணை மாவட்டமே கொடுக்கும். விசா கேட்கவே கூடாது. அடையாளத்துக்கு இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் போதும், அதைத் தர 30 நாள் அவகாசமும் உண்டு. லீஸ் இல்லாமல் உறவினர் வீட்டில் நெருக்கிக்கொண்டு இருப்பவர்கள் மெக்கின்னி-வென்டோ சட்டத்தில் வீடில்லாதவர்கள் கணக்கில் வரலாம். அந்தச் சொல்லைக் கேட்டுத் தங்கச்சி சங்கடப்பட வேண்டாம், வந்தால் உடனே சேர்க்க வேண்டும், தடுப்பூசித் தாள்கூடப் பிறகு தரலாம். இதற்கென்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு அதிகாரி இருப்பார், முன்கவுண்டரில் வாதாடாமல் நேராக அவரிடம் போங்கள். தங்கச்சிக்கு ஆங்கிலம் சரியாக வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளிதான் தன் செலவில் தர வேண்டும், போனிலாவது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளை நடுவில் வைத்துப் பேசாதீர்கள். சேர்ந்த நான்கு வாரத்துக்குள் ஆங்கில உதவி தேவையா என்று சோதித்து முடிவு செய்ய வேண்டும்.

பிடித்துக்கொண்டு போவது பற்றி: பள்ளி, ஆஸ்பத்திரி பக்கம் ஐஸ் (குடியேற்றச் சட்ட அமலாக்கத் துறை) போகாமலிருக்கும் பழைய கொள்கையை 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், அது உண்மை, பயம் காரணமில்லாதது இல்லை. ஆனாலும் நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இல்லாமல் வகுப்பறைக்குள் போகவோ, நீதிமன்ற உத்தரவோ பெற்றோர் சம்மதமோ இல்லாமல் பிள்ளையின் கோப்பை வாங்கவோ பொதுவாக முடியாது, ஃபெர்பா இங்கேயும் வரும். முகவரி, போன் எண் போன்ற 'டைரக்டரி' தகவலை வெளியே தர வேண்டாம் என்று ஒரு படிவம் இருக்கும், சேர்க்கும் அன்றே அதை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். அசைலம் வக்கீலிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பழைய_பெருமாள்:

சரி, சட்டம் இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் நாளைக்கு அதே பள்ளியில்தான் பையன் படிக்க வேண்டும். டீச்சர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். சிபாரிசுக் கடிதம் யார் தருவார்கள்? இதையும் யோசியுங்கள்.

கேட்டி_ரமேஷ்:

ஐயா சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, டீச்சர் மேல் கோபத்தைக் காட்ட வேண்டாம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 45 நாள், தினம் சோதனை போட்டு உள்ளே விடும் கட்டடத்தில், அவன் எடுத்திருக்கும் கல்லூரி அளவிலான ஏ.பி. பாடங்கள் நடக்காத இடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால் மட்டும் சிபாரிசுக் கடிதம் வந்துவிடுமா?

கீதா_டல்லாஸ்:

கான்ஃபரன்ஸ் முடிந்தது. பக்கத்து வீட்டுத் தோழி குறிப்பெடுக்க வந்தார். போனை மேஜையில் வைத்ததும் அசிஸ்டென்ட் பிரின்சிபல் வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். வீடியோவை அவர்கள் பார்த்தார்கள், எனக்குக் காட்டவில்லை, மற்ற பிள்ளைகள் முகம் தெரிகிறதாம். ஆனால் முதலில் தள்ளியது யார் என்று கேட்டபோது பதில் இல்லை. டிசம்பர் ஈமெயிலை அச்செடுத்து நீட்டினேன், தற்காப்பைப் பரிசீலித்தீர்களா என்று கேட்டேன், 'திரும்பப் பார்க்கிறோம்' என்றார்கள். சாயங்காலமே புதுக் கடிதம்: அசால்ட் இல்லை, சண்டை. மாற்றுப் பள்ளி இல்லை, மூன்று நாள் பள்ளிக்குள்ளேயே சஸ்பென்ஷன். புல்லியிங் விசாரணை தனியாக நடக்குமாம். பையன் எழுதிய அந்த இரண்டு வரி கோப்பில் அப்படியேதான் இருக்கும் என்கிறார்கள். முழுதாகத் திருப்தி இல்லை, மேலே போகலாமா இதோடு விடலாமா என்று கணவரிடம் பேச வேண்டும்.

சிவா அண்ணா, பாப்பா சேர்ந்தாளா?

வடமராட்சி_சிவா:

மாவட்ட அலுவலகத்தில் அந்த அதிகாரியோடு கதைத்தேன், அரை மணித்தியாலத்தில் முடிந்தது. திங்கள் போகிறாள். தங்கச்சி தானே கூட்டிக்கொண்டு போகிறன் என்று நிற்கிறாள். மெத்தப் பெரிய நன்றி.

சட்டப்பூனை:

நல்லது இரண்டுமே. கீதா, புதுக் கடிதத்தோடு நின்றுவிடாதீர்கள். மாநிலத்துக்கு அனுப்பும் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவில் அசால்ட்டுக்கு ஒரு குறியீடு, சண்டைக்கு வேறு குறியீடு. கடிதத்தை மாற்றிவிட்டுக் கணினியில் பழையதையே விட்டுவைப்பது நடக்கிற ஒன்று, அதனால் அந்தப் பதிவின் அச்சுப்பிரதி வேண்டும் என்று எழுதுங்கள். அந்த இரண்டு வரியைத் திருத்தவோ நீக்கவோ ஃபெர்பாவின் கீழ் கேளுங்கள், மறுத்தால் அதற்கென்று ஒரு விசாரணை கேட்கலாம், அதிலும் முடியாது என்றால் பையனின் முழு விளக்கத்தை அதோடு சேர்த்து வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. விளக்கத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, மொழிபெயர்ப்பைக் கூட வைத்துக்கொள்ளலாம். புல்லியிங் விசாரணையின் முடிவை எழுத்தில்தான் வாங்குங்கள், போனில் சொன்னால் ஏற்காதீர்கள். மேல்முறையீட்டுக் கெடு பழைய கடிதத் தேதியிலிருந்தா புதியதிலிருந்தா என்றும் திங்கட்கிழமைக்குள் கேட்டுவிடுங்கள்.